கொளத்தூர் ஃபைட்டருக்கு வயிறு உப்பினால்…

சென்னையின் வடபுறத்தில், பெரம்பூரைத் தாண்டி செங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது கொளத்தூர். ஊரை ஒட்டி ரெட்டேரி. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பகுதி, இப்போது மேம்பாலமும் அடுக்குமாடிகளும் ஷேர் ஆட்டோக்களுமாக மாறிவிட்டது. ஆனாலும் இந்த ஊரில் இன்னமும் ஒரு விவசாயம் நடக்கிறது. மண்ணில் நடப்பது அல்ல, தண்ணீரில் நடப்பது. கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் என்று வண்ணமீன்களை வளர்த்து விற்பதுதான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். கொல்லைப்புறச் சிமென்ட் தொட்டியில் தொடங்கி மொட்டைமாடி வரைக்கும் மீன்தான். மனை விலை ஏற ஏற, வளர்ப்புத் தொட்டிகள் செங்குன்றம், பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வியாபாரம் மட்டும் கொளத்தூரை விட்டு நகரவில்லை. ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகள் அட்டைப் பெட்டிகளில் ஏறி, பஸ்ஸிலும் ரயிலிலும் வெளியூர்களுக்குப் போகின்றன.

இந்தக் கடைத்தெருவில் சின்னப் பிள்ளைகள் முதலில் நிற்கும் இடம் ஃபைட்டர் அலமாரிதான். வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு மீன். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு. அட்டையை உருவினால் போதும், இரண்டு ஆண் மீன்களும் செவுள் மூடியை விரித்து, வாலை விசிறியாக்கி, கண்ணாடியில் மோதும். ஒரே தொட்டியில் விட்டால் துடுப்பைக் கிழித்துக்கொள்ளும், உயிரே போகும் அளவுக்குச் சண்டை போடும். அதனால்தான் தனித்தனிப் பாட்டில். வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமும் அந்தப் பாட்டில்தான். சின்ன இடம், காற்று மோட்டார் வேண்டாம், விலையும் அதிகமில்லை. சுலபமான மீன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளோடு வந்திருந்த விவசாயி ஒருவர், நீல நிற ஃபைட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தீவனம் போடணும் தம்பி?"

"காலைல ரெண்டு குருணை, சாயங்காலம் ரெண்டு. அவ்ளோதாண்ணே."

"ரெண்டு கிராமா?"

"கிராம் இல்லண்ணே, ரெண்டே ரெண்டு. எண்ணிப் போடணும்."

"அது எப்பிடிப்பா பத்தும்? கோழிக்குஞ்சே ஒரு கை தின்னுதே."

"இதோட கண்ணைப் பாருங்க. வயிறும் அவ்ளோதான்னு வச்சுக்கோங்க. போன தடவை வாங்கினது எப்பிடிச் செத்துச்சு, சொல்லுங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. மகள் சொன்னாள்: "வயிறு வீங்கி, சாய்ஞ்சு மிதந்துச்சு அங்கிள்."

கொளத்தூர்க் கடைகளில் ஃபைட்டரைப் பற்றி வரும் புகார்களில் இது அடிக்கடி கேட்பது. வாங்கிப் போன பத்துப் பதினைந்து நாளில் வயிறு உப்பிவிட்டது, மீன் தலைகீழாக மிதக்கிறது, நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சண்டை. சில சமயம் கடைக்காரர் மேல் தவறு இருக்கும். பெரும்பாலும் தவறு தீவன டப்பாவில் இருக்கிறது.

நெல் வயலில் பிறந்த மீன்

ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. அந்நாட்டின் நடுப்பகுதிச் சமவெளியில் நெல் வயல்கள், வாய்க்கால்கள், செடி மண்டிய குட்டைகள், இவைதான் இதன் இருப்பிடம். அங்கே இதற்குப் 'பிளா கட்' என்று பெயர்; கடிக்கும் மீன் என்று அர்த்தம். 1910-ல் இதற்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்ற அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. 2019-ல் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

நெல் வயலை அறிந்தவர்களுக்கு இந்த மீனின் வயிற்றை விளக்கத் தேவையில்லை. முழங்காலளவு தண்ணீர், வெயிலில் சூடேறும், பிராணவாயு குறையும். அதைச் சமாளிக்கத் தலைக்குள் ஒரு தனி உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றை விழுங்கியும் சுவாசிக்கும். பாட்டிலில் மோட்டார் இல்லாமல் உயிரோடு இருப்பதன் ரகசியம் அதுதான். இரை என்பது அங்கே தட்டில் வைத்த சாப்பாடு அல்ல. ஒரு கொசுப்புழு இங்கே, தண்ணீரில் விழுந்த ஒரு சிறு பூச்சி அங்கே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்கள் கொஞ்சம். ஒவ்வொரு வாய்க்கும் நீந்தித் தேட வேண்டும். கிடைத்ததை விடாமல் விழுங்குவதுதான் பிழைக்கும் வழி. 'வயிறு நிரம்பிவிட்டது, போதும்' என்று ஒதுங்கும் பழக்கம் அந்த வாழ்க்கையில் தேவைப்படவில்லை.

அதே மீனைக் கால் லிட்டர் தண்ணீரில் வைத்து, உலர்ந்த குருணைத் தீவனத்தை மேலே தூவினால் என்ன ஆகும்? போட்டதையெல்லாம் தின்னும். காய்ந்த குருணை ஈரத்தில் ஊறிப் பெருக்கும். ஓடியாட இடமில்லை. செரிக்காத தீவனம் குடலில் தேங்க, மலச்சிக்கல் ஏற்பட்டு வயிறு உருண்டையாகிறது. குடலுக்கு மேலே இருக்கும் காற்றுப்பையை அது நெருக்குகிறது. காற்றுப்பைதான் மீன் தண்ணீரில் சமநிலையாக நிற்க உதவுவது. அது நெருக்கப்பட்டால் மீன் ஒரு பக்கமாகச் சாயும், மேலே மிதந்துகொண்டே இருக்கும், இல்லையேல் அடியில் போய்ப் படுத்துவிடும்.

ஈரமான குதிரைமசாலை வெறும் வயிற்றில் மேய்ந்துவிட்டு இடது பக்கம் உப்பி நிற்கும் மாட்டை நம் விவசாயிகள் பார்த்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாட்டுக்கு அது வாயுவால் வருவது. மீனுக்குப் பெரும்பாலும் அடைப்பால் வருவது. மாட்டுக்கு எண்ணெய் புகட்டும் பழக்கத்தில் மீன் தொட்டியிலும் நாலு சொட்டு விடுபவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படிந்தால், மேலே வந்து காற்றை விழுங்கும் மீனுக்கு அந்த வழியும் கெட்டுவிடும்.

பசி என்று நினைப்பது

கொளத்தூரிலிருந்து வெளியூர் அனுப்பும் மீனுக்கு, பை கட்டுவதற்கு முந்தைய நாளிலிருந்தே இரை கொடுப்பதில்லை. வயிற்றில் இரை இருந்தால் பைக்குள் கழிவு போடும், அந்தச் சிறிதளவு தண்ணீரில் அம்மோனியா ஏறி மீன் செத்துவிடும். தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வது இது. மீனுக்குக் கெடுதலும் இல்லை. வளர்ந்த ஃபைட்டர் இரண்டு மூன்று நாள் இரையில்லாமல் தாராளமாக இருக்கும்.

வாங்கிப் போகிறவருக்கு இது தெரியாது. புது வீட்டுக்கு வந்த மீன், ஆள் பக்கத்தில் வந்ததும் கண்ணாடியை ஒட்டி நின்று ஆடுகிறது. 'பாவம், பசி' என்று ஒரு சிட்டிகை விழுகிறது. மீனும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது: மனித முகம் தெரிந்தால் இரை வரும். அதன் பிறகு பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஆடும். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் பிள்ளை போடுகிறது. மதியம் பாட்டி போடுகிறார். மாலையில் வயலிலிருந்து திரும்பிய அப்பா, 'இன்னைக்கு யாரும் போடலையா?' என்று தன் பங்குக்குப் போடுகிறார். நான்கு பேர் உள்ள வீட்டில் ஃபைட்டர் செத்துப்போவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

ரெட்டேரிப் பக்கம் வளர்ப்புத் தொட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இதை இப்படிச் சொல்கிறார்: "ஒரு வேளை போட மறந்தா மீன் சாகாது. போட்டதை மறந்துட்டு இன்னொரு வேளை போட்டா செத்துடும்."

மீன் தின்னாமல் விட்டதும் சும்மா இருப்பதில்லை. அடியில் கிடந்து அழுகி அம்மோனியாவாக மாறுகிறது. யூரியா அதிகமானால் நாற்று கருகுவதைப் பார்த்தவர்களுக்கு, அம்மோனியா செவுளை என்ன செய்யும் என்பது புரியும். பத்து லிட்டர் தொட்டியில் ஒரு குருணை மிச்சமானால் பெரிய விஷயமில்லை. கால் லிட்டர் பாட்டிலில் அதே ஒரு குருணை தண்ணீரைக் கெடுக்கப் போதுமானது. கடையில் இருக்கும் பாட்டில் விற்பனைக்கானது; வீட்டில் குடியிருப்பதற்கு அல்ல. குறைந்தது 10 லிட்டர் கொள்ளும் தொட்டி, மேலே ஒரு மூடி (ஃபைட்டர் துள்ளும்), வாரம் இரண்டு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றம். மெட்ரோ தண்ணீரோ பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரோ, ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்துவிட்டு ஊற்றினால் குளோரின் போய்விடும்.

மார்கழி, தை மாதங்களில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும். ஃபைட்டருக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. சென்னையில் அது பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஓசூர், ஏற்காடு, நீலகிரிப் பக்கம் கிடைக்காது. சித்திரையில் செரித்த நான்கு குருணை மார்கழி இரவில் செரிக்காது. குளிர் ஊர்களில் சிறிய ஹீட்டர் அவசியம். மற்ற ஊர்களில் அந்த இரண்டு மாதம் மாலை இரையைக் குறைத்தாலே போதும்.

எல்லா வீக்கமும் ஒன்றல்ல

வீக்கத்தைப் பார்த்ததும் மருந்துக்கு ஓடுவதற்கு முன், மீனை மேலேயிருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்ப்பதைவிட மேலேயிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரை தின்ற சில மணி நேரத்துக்கு வயிறு கொஞ்சம் உருண்டிருப்பது இயல்பு. மறுநாளும் குறையாமல், மீன் கழிவு போடாமல், சாய்ந்து நீந்தினால் அது உப்புசம். இதில் பெரும்பாலும் மீனுக்கு இரை ஆசை குறையாது. அதுதான் நம்மை ஏமாற்றுவது; தின்கிறதே, நோய் இல்லை என்று இன்னும் போடுவோம்.

செதில்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு, மேலேயிருந்து பார்க்கச் சவுக்குக் காய் போலத் தெரிந்தால் அது வேறு கதை. உடம்புக்குள் நீர் கோத்துக்கொண்ட நிலை. கெட்ட தண்ணீரில் பலவீனமான மீனைப் பாக்டீரியா தாக்கி, சிறுநீரகம் செயலிழக்கும்போது இப்படி ஆகும். இந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. உடனே தனியாகப் பிரித்து வைத்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் செய்யக்கூடியது. வேறு மீன்களின் தொட்டிக்குப் போட்ட வலையை இதில் போடக்கூடாது.

பெண் மீனாக இருந்தால் முட்டையாகவும் இருக்கலாம். வயிற்றின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டு தெரியும். மீன் சுறுசுறுப்பாக இருக்கும். அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

உப்புசம்தான் என்று தெரிந்தால் முதல் வைத்தியம் பட்டினி. இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள், ஒரு குருணைகூட இல்லை. வீட்டில் பாட்டிக்கும் சொல்லிவிட வேண்டும். கூடவே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். மீன் அடியில் படுத்துவிட்டால் தண்ணீர் மட்டத்தை ஒரு சாண் உயரத்துக்கும் கீழே குறைக்க வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஃபைட்டர் மேலே வந்து காற்றை விழுங்க வேண்டிய மீன்; நீந்த முடியாத நேரத்தில் ஓர் அடி ஆழம்கூட அதற்குக் கிணறுதான். பட்டினி கிடக்கும் மீன் வெள்ளையாக நூல்போலக் கழிவு போட்டால் பயப்பட வேண்டாம். இரை தொடங்கிய பிறகும் அப்படியே வந்து, மீனும் இளைத்துக்கொண்டே போனால்தான் குடலில் ஒட்டுண்ணி இருக்குமோ என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாம் நாளும் குறையவில்லை என்றால் எப்சம் உப்பு. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் விவசாயிகளுக்குப் பழக்கமானது: பருத்தி இலை சிவந்தால் தெளிக்கிறோமே, அதே மெக்னீசியம் சல்பேட். உர மூட்டையில் இருப்பதைப் போடாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமானதை வாங்குவது நல்லது. 10 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன். தனிக் குவளையில் கரைத்துவிட்டு, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். குடலை இளக்கவும், கோத்த நீரை வெளியேற்றவும் இது உதவும். சமையல் உப்பு இதற்கு மாற்று அல்ல. கடையில் கிடைக்கும் நீல மருந்து பூஞ்சணத்துக்கானது. உப்புசத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவது, நோய் தெரியாமல் பயிருக்கு மருந்தடிப்பதைப் போன்றதுதான்.

வேகவைத்த பச்சைப் பட்டாணியை நசுக்கிக் கொடுக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் பரவியிருக்கிறது. அது தங்கமீனுக்குப் பொருந்தும். தாவரமும் தின்னும் மீன் அது. ஃபைட்டர் மாமிசம் தின்னும் மீன். பட்டினி முடிந்ததும் இதற்கு ஏற்றது மொய்னா, டாஃப்னியா போன்ற நுண்ணிய நீர்ப் பூச்சிகள். அவற்றின் மேலோடு செரிக்காமல் நார்ச்சத்து போலக் குடலைத் தள்ளிவிடும். கொளத்தூரில் மொய்னாவைத் தொட்டியிலேயே வளர்க்கிறார்கள். கிராமத்தில் மாடு குடிக்கும் தொட்டியிலோ குட்டையிலோ கிடைத்தால் நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் ஒரே ஒரு குருணையை ஊறவைத்துத் தொடங்கினாலே போதும்.

வாதுமை மரத்தின் காய்ந்த இலையை இங்கே கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நம் ஊர்களில் வாசலில் பெருக்கித் தள்ளுகிற அதே இலைதான். தண்ணீரில் போட்டால் தேநீர் நிறம் இறங்கும், கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்தும், மீனுக்கும் பிடிக்கும். நல்ல இலை; ஆனால் உப்புசத்துக்கு மருந்து அல்ல.

வளர்ப்பவர்கள் பக்கத்திலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. மீனைச் சீக்கிரம் பெரிதாக்கி விற்றுவிடும் அவசரம். குஞ்சுப் பருவம் தாண்டியதும் சிவப்புப் புழுவை அள்ளிப் போட்டால் வளர்ச்சி வேகமாக இருக்கும், விலையும் குறைவு. அந்தப் புழு சாக்கடை ஓரச் சேற்றில் வளர்வது. ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் அலசாமல் போட்டால் சேற்றின் கிருமியும் மீன் வயிற்றுக்குள் போகும். பொன்னேரிப் பக்கம் கொல்லையில் ஃபைட்டர் வளர்க்கும் பெண்மணி ஒருவருக்கு அப்படித்தான் ஒரு தொகுதி முழுக்க வயிறு ஊதிப் போனது. வியாபாரி அடுத்த இரண்டு மாதம் அவரிடம் மீன் எடுக்கவில்லை. இரண்டு கறவை மாட்டுக்கு நடுவே, வீட்டுச் செலவுக்கென்று அவர் வைத்திருந்த வருமானம் அது. இப்போது மொய்னாவும் குருணையும் மட்டுமே கொடுக்கிறார். மீன் விற்பனைக்கு வர முன்பைவிட இரண்டு மூன்று வாரம் கூடுதலாகிறது. "ஆனா திரும்பி வர்ற மீன் இல்லைங்க," என்கிறார். வாங்கிப் போகிறவர்களுக்குச் சின்னத் தாளில் 'காலை 2, மாலை 2, ஞாயிறு லீவு' என்று எழுதிக் கொடுப்பது அவருடைய மகளின் யோசனை.

அந்த ஞாயிறு லீவு நல்ல ஏற்பாடு. வாரத்தில் ஒரு நாள் இரை நிறுத்தினால் குடல் காலியாகும். வீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பேற்று, காலையிலேயே அன்றைய நான்கு குருணையை ஒரு சின்ன மூடியில் எண்ணி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மூடி காலியாக இருந்தால் யார் கேட்டாலும் 'போட்டாச்சு'.

மீன் வளர்ப்பைத் துணைத் தொழிலாக நினைப்பவர்களுக்குக் கொளத்தூர் ஒரு நாள் சுற்றிப் பார்க்க வேண்டிய ஊர்தான். பக்கத்திலேயே மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. வண்ணமீன் வளர்ப்புப் பயிற்சி பற்றி அங்கே கேட்கலாம். மானியத் திட்டங்கள் நடப்பில் உள்ளனவா என்பதை அந்தந்த மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு தொட்டி கட்டுவதே சரி. கொஞ்ச நாளில் அலுத்துப்போன மீனை மட்டும் ஊர்க் குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடக் கூடாது. வேற்று நாட்டு மீன் அது. வேண்டாமென்றால் வளர்க்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஒரு மீன் வாங்கி ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் பையை பஸ் ஜன்னல் வெயிலில் தொங்கவிடாமல், துணிப்பைக்குள் நிழலாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போனதும் பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பிறகு வாயைப் பிரித்துத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மீன் கண்ணாடியோரம் வந்து ஆடும். அன்றைக்கு இரை கிடையாது. மறுநாள் காலை, இரண்டு குருணை.